அக்கா வீட்டுக் கூரை

மோட்டுலோவாத் தீவில் பதினோரு வீடுகள்தான் மிஞ்சியிருந்தன. கடலுக்கடியில் கிடந்த மலை வெடித்த அன்று, மேற்குக் கரையில் இருந்ததையெல்லாம் அலை வழித்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. மேட்டில் இருந்த பதினொன்றை அலை தொடவில்லை, ஆனால் சாம்பல் விடவில்லை. இரண்டு நாள் வானத்திலிருந்து கொட்டிய சாம்பல் கூரைகளில் விரற்கடை உயரத்துக்குப் படிந்து, பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. தீவில் கிணறு கிடையாது, ஓடை கிடையாது. கூரையில் விழுகிற மழை குழாய் வழியாகச் சிமெண்ட் தொட்டிக்குப் போகும். மோட்டுலோவாக்காரர்கள் பிறந்ததிலிருந்து குடிப்பது அதைத்தான். இப்போது மூன்று வாரமாகப் படகில் வரும் பீப்பாய்த் தண்ணீரை அளந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் தலைநகர் நுகுஅலோஃபாவிலிருந்து திருச்சபை அனுப்பிய குழுவில் பெரிய படிப்பு படித்தவர்கள் யாரும் இல்லை. எட்டுப் பேர், இருபது ஈர்க்குமாறுகள், ஆறு ஏணிகள், தேய்க்கும் பிரஷ்கள், ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு, இரண்டு பெட்டி டின் இறைச்சி. தலைமை தோகிலூபே டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் எதிரே வருகிற எல்லோரையும் மூன்றாம் வகுப்பாகவே நினைப்பவர்.

குழாய் வேலை தெரிந்தவன் செமிசி ஒருவன்தான். ஐம்பத்தோரு வயது. வாரத்தில் ஆறு நாள் ஊரார் வீட்டுக் குழாய்களோடு மல்லுக்கட்டுவான், ஏழாம் நாள் சபை மூப்பராகி ஊராரோடு மல்லுக்கட்டுவான். ஓய்வு நாளில் எங்கேயாவது விறகு பிளக்கிற சத்தம் கேட்டால் போதும், அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அவர்கள் தீவில் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலையில் குழுவிலிருந்த மாகா, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அறுந்துபோன செருப்பு வாரில் ஓர் ஆணியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். நான்கே நான்கு தட்டு.

"என்னடா பண்ற?" என்று வந்து நின்றான் செமிசி.

"வாரு பிஞ்சுபோச்சு, அண்ணே."

"வெறுங்காலோட போனா ஆண்டவர் கதவைச் சாத்திடுவாரா?"

"வழி பூரா கண்ணாடிச் சில்லு கிடக்குண்ணே."

"நாளைக்குத் தட்டு. ஆறு நாளை உனக்குக் குடுத்துட்டாரு. ஏழாவதுல கை வைக்காத."

மாகா ஒரு காலில் செருப்பும் மறு காலில் சுற்றிய துணியுமாகக் கோயிலுக்கு வந்தான். டீச்சர் அன்று முழுக்க செமிசியைப் பிடித்துக்கொண்டார். "மூப்பரே, நான் மூச்சு விடலாமா? உள்ள நுரையீரல் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு, என்ன பண்றதுன்னு தெரியல" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். செமிசி மட்டும் சிரிக்கவில்லை. பாதி பிடிவாதம். மீதிக்குக் காரணம், அவர்கள் உட்கார்ந்திருந்த சபைக் கூடத்திலிருந்து நூறு அடி தூரத்தில் அவனுடைய அக்கா அனசெய்னியின் வீடு இருந்தது. அக்காவின் காதில் விழுகிற தூரத்தில் தம்பி சிரிக்கக்கூடாது.

செமிசி அக்காவிடம் நேருக்கு நேர் பேசி நாற்பது வருடம் ஆகிறது. சண்டையெல்லாம் இல்லை. அந்தத் தீவுகளின் வழக்கத்தில் அக்கா என்றால் தம்பிக்கு ஒரு படி மேல். அவள் இருக்கிற இடத்தில் கேலி பேசக்கூடாது, அவள் படுக்கிற அறையில் கால் வைக்கக்கூடாது, அவள் தலைக்கு மேலே ஏறி நிற்கவே கூடாது. அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் மறுக்கவும் கூடாது. பதினோரு வயதில் அவனைப் பையன்கள் குடிசைக்குப் படுக்க அனுப்பிய நாளிலிருந்து அப்படித்தான். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவள் புருஷன் தோமாசி வழியாகப் போகும், தோமாசி வழியாக வரும். தோமாசி அவனுக்கு மைத்துனன் ஆவதற்கு முன்பே கூட்டாளி. வாய் ஓயாத மனுஷன். அக்கா சொன்ன ஒரு வரியைப் பத்து வரியாக்கி, நடுவில் இரண்டு கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பான்.

அந்தத் தோமாசியைத்தான் அலை கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில், ஆக்லாந்துப் பக்கம் பழத்தோட்டத்தில் கூலி வேலை. அனசெய்னி கறுப்பு உடுத்தி, துக்கத்துக்கென்று அங்கே உடுப்பின்மேல் சுற்றும் பெரிய கிழிசல் பாயைச் சுற்றிக்கொண்டு, தினமும் காலையில் மேற்குக் கரைக்குப் போய் உட்கார்ந்தாள். குழு வந்த அன்று எல்லோரும் சேர்ந்து துக்கம் கேட்கப் போனார்கள். டீச்சர் முன்னால் உட்கார்ந்து பேசினார். செமிசி பத்தடி தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆளில்லை.

திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் முறை ஒன்றுதான். முதலில் தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்று. கூரையைச் சுரண்டிக் கூட்டு. தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவு. விளிம்பில் தண்ணீர் ஓடும் தகர வாய்க்காலைத் துடைத்துவிட்டு, குழாயைத் திரும்ப மாட்டு. பிறகு மழைக்காகக் காத்திரு. அடுத்த திங்கட்கிழமை படகில் நிவாரண அலுவலர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இனிமேல் பீப்பாய்த் தண்ணீர் அனுப்ப முடியாது. எந்த வீட்டுத் தொட்டியில் இடுப்பளவாவது தண்ணீர் இல்லையோ அந்த வீட்டார் அதே படகில் நுகுஅலோஃபாவுக்கு ஏற வேண்டும். இதைக் கேட்டதும் அனசெய்னி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மட்டும் அனுப்ப வேணாம்னு சொல்லுங்க, டீச்சர். நான் அங்க போகமாட்டேன்" என்றாளாம். புருஷனின் உடம்பு கரை ஒதுங்கும் என்று காத்திருக்கிறாள் என ஊரே நினைத்தது. செமிசியும் அப்படித்தான் நினைத்தான்.

இப்படிப்பட்ட நிலையில் பத்துக் கூரைகள் சுத்தமாகி, ஒரு கூரை மட்டும் விட்டுப்போனது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். செமிசி அக்கா வீட்டுக் கூரையில் ஏற முடியாது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று செமிசி நினைத்தான். தன் சொந்த அக்காவின் காரியத்தை அவன் முதல் நாளே தனியாக யாரிடமாவது ஒப்படைத்திருப்பான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் தம்பி காதுபட அக்கா பேச்சை எடுப்பது யாருக்கும் வழக்கமில்லை. டீச்சர் கூடத்துக் கரும்பலகையில் எழுதிய பட்டியலில்கூட மரியாதைக்காக அந்த ஒரு வீட்டை எழுதாமல் விட்டிருந்தார். செமிசியோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் இருப்பதே மரியாதை என்று ஆறு நாளும் கழுத்தை நேராக வைத்துக்கொண்டே நடந்தான்.

இரண்டாவது ஞாயிறு காலையில் காற்று திசை மாறியது. கோயிலில் முதல் பாட்டு முடிவதற்குள் ஈர மண் வாசனை உள்ளே வந்துவிட்டது. பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோர் முகமும் தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. நான்கு வாரமாக ஒரு சொட்டு விழாத வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. போதகர் வைனிகோலோவுக்கே குரல் தழுதழுத்தது.

செமிசியும் திரும்பிப் பார்த்தான். மேட்டு வீடுகளின் கூரைகள் தேய்த்த பாத்திரம் மாதிரி வரிசையாகப் பளபளத்தன. அவன் மனதுக்குள் எண்ணினான். பத்து. சீமைப்பலா மரத்துக்குப் பின்னால் பதினோராவது, சிமெண்ட் நிறத்தில், அப்படியே கிடந்தது.

முன்வரிசையில் இருந்த டீச்சரின் முதுகை மெல்லத் தட்டினான்.

"டீச்சர். அக்கா வீட்டை யார் பார்த்தாங்க?"

டீச்சர் திரும்பினார். "நீ யாரைப் போகச் சொன்ன?"

"நான் யாரையும் சொல்லல. நீங்க அனுப்பலையா?"

"உன் அக்கா வீட்டுக்கு நான் எப்படிப்பா உன்னைக் கேக்காம ஆள் அனுப்புவேன்?"

"கேட்டிருக்கலாமே."

"உங்கிட்டயா? அவங்களைப் பத்தியா?" என்றார் டீச்சர். சொல்லும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது.

செமிசி உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தான். இன்று பெய்கிற மழை பத்துத் தொட்டியில் இறங்கும். நாளை அலுவலர் வருவார். பதினோராவது தொட்டி காலி, படகில் ஏறு என்பார். அக்கா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று. அதற்காக அனுப்பப்பட்ட ஆளே அவன்தான். ஊரார் கூரைக்கெல்லாம் குழாய் மாட்டிவிட்டு அக்கா வீட்டை அம்போவென்று விட்டிருக்கிறான். இன்றோ ஓய்வு நாள். போன ஞாயிறு நான்கு தட்டுக்கு ஒருவனை ஒற்றைச் செருப்போடு நடக்கவிட்டவன் இன்று ஏணி தூக்கிக்கொண்டு போவதா? மேலே ஏறினால் அக்கா தலைக்கு மேலே நிற்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தவறு.

எழுந்துவிட்டான். ஜெபத்துக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே, ஊரே பார்க்க, கோயிலுக்கென்று வேட்டிமேல் இடுப்பில் சுற்றிக் கட்டிய ஞாயிற்றுக்கிழமைப் பாயோடு வாசலை நோக்கி நடந்தான். கடைசி வரிசையில் இருந்த மாகா அவன் தோளைப் பிடித்தான்.

"அண்ணே, நானும் வரேன். நான் மேல ஏறிக்கிறேன்."

"உட்காரு. ஒருத்தன் மீறுனா போதும்."

"ஏழாவதுல கை வைக்காதன்னீங்களே."

"சொன்னேன்தான். தப்பாப் பேசிட்டேன், விடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஓட ஆரம்பித்தான். ஐம்பத்தோரு வயதில், பாய் கட்டிய இடுப்போடு ஓடுவதைப் பார்க்க யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை. பின்னால் போதகர் எல்லோரையும் கண்ணை மூடி ஜெபிக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவை வெளியே வரச் சொல்லிவிட்டு ஏறலாம் என்பது அவன் கணக்கு. வீட்டை நெருங்கும்போது சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. வாசற்படியில் அந்தப் பெரிய துக்கப் பாய் மடித்து வைக்கப்பட்டு, மேலே ஒரு கல் பாரம் வைத்திருந்தது. சுவரில் தோமாசியின் பழைய ஏணி சாய்ந்திருந்தது. கூரையில் கறுப்பு உடுப்பை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டிக்கொண்டு, ஈர்க்குமாறும் கையுமாக அனசெய்னி நின்றிருந்தாள். முக்கால்வாசி கூட்டியிருந்தாள்.

செமிசி சட்டென்று கூரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். கூரையில் நிற்கிற அக்காவைக் கீழே நின்று தம்பி அண்ணாந்து பார்ப்பதா?

"யாரு அங்க?" என்றாள் மேலேயிருந்து.

"நான்தான்."

"நான்தான்னா?"

"செமிசி."

ஈர்க்குமாறு நின்றது. "கோயில் முடிஞ்சிடுச்சா?"

"இல்ல."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும்க்கா."

"எனக்கும் தெரியும்" என்றாள். மறுபடி சரக் சரக்கென்று கேட்டது.

"அக்கா, நீங்க இறங்குங்க. நான் கூட்டறேன்."

"நான் இறங்கி நீ ஏறுறதுக்குள்ள மழை வந்துடும். குழாயை மாட்டு. எனக்கு அது வரல, ரெண்டு நாளாப் பார்த்துட்டேன். தொட்டி கழுவியாச்சு."

"யார் கழுவுனாங்க?"

"வேற யாரு? நான்தான்."

முதுகைத் திருப்பிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்துபோய்த் தகர வாய்க்காலைக் கையால் வழித்தான். குழாயின் வாய் நசுங்கியிருந்தது. கல்லை எடுத்துத் தட்டி நிமிர்த்தினான். எத்தனை தட்டு என்று எண்ணவில்லை. மேலே கடைசித் தகரத்தையும் கூட்டி முடித்துவிட்டு அவள் முகட்டில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. ஏணி மழையில் வழுக்கும், இறங்க வேண்டாம் என்றான். சரி என்றாள்.

மழை சொல்லிவைத்த மாதிரி வந்தது. கூரையில் முதல் தண்ணீர் கரைத்த சிமெண்ட் மாதிரி சாம்பல் நிறத்தில், தீக்குச்சி உரசிய நாற்றத்தோடு இறங்கியது. இதைத் தொட்டிக்குள் விடக்கூடாது. குழாயை வெளியே திருப்பிப் பிடித்துக்கொண்டு, தெளிகிற வரை காத்திருக்க வேண்டும். செமிசி உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான்.

"எப்படி இருக்கு?"

"இன்னும் காரமா இருக்கு. பொறுக்கணும்."

பொறுத்தார்கள். தகரத்தில் மழை பறை கொட்டுவது போல் கொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் ஏதோ சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை.

"என்னக்கா?"

"ஆறு நாளா எல்லார் கூரையும் கூட்டுன, எங்கிட்ட மட்டும் வரலையேன்னேன். உனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்."

"என்ன விஷயம்?"

அவள் மறுபடி சொன்னது மழைச் சத்தத்தில் அடிபட்டுப்போயிற்று.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"அவரைப் பாய் எடுக்க அனுப்பினேன்னு சொன்னேன்" என்று கத்தினாள் அனசெய்னி. "தண்ணி முதல் தடவை வந்து பின்வாங்குச்சு. நாங்க மேட்டுக்கு வந்துட்டோம். அம்மா கல்யாணத்துக்குக் குடுத்த மெல்லிசுப் பாய் கரையோரத்துல இருந்த எங்க கீழ் வீட்டுலயே நின்னுபோச்சு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க நாலு வருஷம் முடைஞ்சது. ஓடிப்போய் எடுத்துட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். ரெண்டாவது தண்ணி வந்துச்சு."

செமிசி குழாயைப் பிடித்தபடி நின்றான். இப்படி ஒன்றை அவள் வாயால் இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டோமே என்றிருந்தது. கையில் விழுந்த தண்ணீர் சாம்பலா வெள்ளையா என்று பார்க்க மறந்துபோனான்.

"யார்கிட்டயும் சொல்லல" என்றாள். "நுகுஅலோஃபா போனா அவரோட அம்மா, அத்தை வீட்லதான் நான் இருக்கணும். எம்புள்ளை எதுக்குத் திரும்பிப் போனான்னு அத்தை கேப்பாங்க. கேக்காமலும் இருப்பாங்க. அது அதைவிட மோசம். உடம்பு ஒதுங்கும்னு நான் இங்க உட்கார்ந்திருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அத்தை மூஞ்சில முழிக்கத் தைரியமில்ல, தம்பி. அதான் போகமாட்டேங்கறேன்."

மூப்பருக்கு இப்படிப்பட்ட நேரத்தில் சொல்வதற்கு நிறைய வசனங்கள் தெரியும். ஆனால் நான்கு வாரத் துக்கத்துக்கும் எட்டு நாள் மௌனத்துக்கும் பிறகு அவனுக்குத் தோமாசிதான் ஞாபகத்துக்கு வந்தான். வந்ததைச் சொல்லிவிட்டான்.

"நீ சொல்லாட்டியும் போயிருப்பான். அவனுக்கு அப்படி ஒரு வியாதி. ஒரு தடவை ஹஃபேவாத் தீவுல படகு கிளம்பின பிறகு, காவா கலக்குற சட்டியை மறந்துட்டேன்னு வேட்டியோட கடல்ல குதிச்சான். வேட்டி கழண்டு மிதந்துபோச்சு. திரும்பி வரும்போது அந்தச் சட்டியைத்தான் முன்னால பிடிச்சுக்கிட்டு படகுல ஏறினான். அதுலயேதான் அன்னைக்குக் காவாவும் குடிச்சோம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன பேசினோம் என்பது உறைத்தது. அக்காவிடம், அவள் புருஷனின் அம்மணத்தை, அதுவும் துக்க வீட்டில். நாக்கைக் கடித்துக்கொண்டான். மேலேயிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது, சிரிப்புதான். அடக்கப் பார்த்து முடியாமல், மூச்சு வாங்க, சின்ன வயதில் அவனோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழ ஆரம்பித்தாள். அவன் அப்போதும் திரும்பவில்லை, ஆனால் அவனுக்கும் கண்ணீர் கொட்டியது. இருபத்தெட்டு நாளில் முதல் தடவையாகத் தோமாசிக்காக அழுதான்.

"போயிருக்கலாம்" என்றாள் வெகு நேரம் கழித்து. "ஆனா நான் அனுப்பினேன்."

"யார்கிட்டயும் சொல்ல வேணாம். எங்கூடவே இருக்கட்டும், அக்கா."

அவன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தான். காரம் போயிருந்தது. விழுங்கியே பார்த்தான்.

"தெளிஞ்சிடுச்சு" என்றான்.

"அப்ப மாட்டு."

குழாயைத் தொட்டி வாயில் சொருகி இறுக்கினான். மழை மத்தியானம் வரை விடவில்லை.

அன்று சாப்பாட்டின்போது மாகாதான் சொன்னான். போதகர் அந்த ஜெபத்தை முக்கால் மணி நேரம் நீட்டினாராம். மழைச் சத்தத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையும் யார் காதிலும் விழவில்லை. முழங்கால் மரத்துப்போய்ப் பெரியவர்கள் முனகினார்கள். ஆனால் ஒருவரும் கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்க்கவில்லையாம்.

"ஆமென் சொன்னப்ப நான் தூங்கிட்டிருந்தேன்" என்றார் டீச்சர். செமிசியின் தட்டில் இன்னொரு துண்டு கிழங்கை வைத்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை படகில் அலுவலர் வந்தார். வீடு வீடாகப் போய்த் தொட்டிகளுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். அனசெய்னி வீட்டுத் தொட்டியில் மார்பளவு தண்ணீர். 'இருக்கலாம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். செமிசிக்கு உடம்பு லேசானது மாதிரி இருந்தது. ஏணிகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து, படகில் அடுக்கினான். குழுவினர் ஏறினார்கள். ஊரார் பாட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் பாடுகிறவர்களை விலக்கிக்கொண்டு அனசெய்னி வந்தாள். துக்கப் பாயைச் சுற்றியிருந்தாள். கையில் ஒரு துணி மூட்டை.

செமிசி படகிலிருந்து குதித்து நேரே அவள் முன்னால் போய் நின்றான். பாட்டு தடுமாறியது. தம்பி அக்காவிடம் நேராகப் பேசுவதை அந்தக் கூட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

"எங்கக்கா போற?"

"நுகுஅலோஃபாவுக்கு. அத்தை வீட்டுக்கு."

"தொட்டி நிறைஞ்சிருக்கே. எழுதிக்கிட்டுப் போயிட்டாரே."

"நிறைஞ்சுதான் இருக்கு. பக்கத்து வீட்டு விக்காகிட்ட சொல்லிட்டேன். கைக்குழந்தையை வெச்சிருக்கா, எடுத்துக்கட்டும்."

"அப்ப நேத்து எதுக்கு அந்தப் பாடுபட்டோம்?" அவன் குரலில் கோபமே வந்துவிட்டது. "ஓய்வு நாளைக் கெடுத்து, ஊரையே முட்டி போட வெச்சு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கண்ணோரத்தில் இவ்வளவு சுருக்கம் எப்போது விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"தண்ணியில்லாம போயிருந்தேன்னு வெச்சுக்கோ" என்றாள் அனசெய்னி. "ஐயோ பாவம், குடிக்கத் தண்ணியில்லாம வந்திருக்கான்னு அத்தை எனக்குப் படுக்கையை விரிச்சுப் போட்டுத் தலையைத் தடவிக் குடுப்பாங்க. நானும் தலையைக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டுக் கிடந்திருப்பேன், சாகிற வரைக்கும். இப்ப எனக்கு அங்க போக வேண்டிய அவசியமே இல்ல. சொல்றதுக்கு மட்டும்தான் போறேன்."

"நான் சொல்லிடறேன், நீ இங்கயே இரு."

"அவரு போனப்புறமும் எனக்கு நடுவுல ஆள் வேணுமா?"

அக்கா சொன்னால் தம்பி மறுக்க முடியாது. மூட்டையை வாங்கிக்கொண்டு அவளைப் படகில் ஏற்றிவிட்டான். அவள் முன்பக்கம் உட்கார்ந்தாள். அவன் பழக்க தோஷத்தில் பின்கோடிக்குப் போய், ஏணிகளுக்கு நடுவில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். தீவு சின்னதாகிக்கொண்டே வந்தது. பாட்டு கேட்பது நின்றது.

"தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

படகில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவன் எழுந்து போய் ஒரு கை அளவு இடம் விட்டு உட்கார்ந்தான்.

"சபையில எழுந்து நின்னா நீ லேசுல உட்கார மாட்டியாமே, அவரு சொல்லுவாரு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு சொல்லிக்குடு."

செமிசி தொண்டையைச் செருமிக்கொண்டான். "முதல்ல ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, பெரியவங்களை வரிசையா வணங்கி, அப்புறம் அவங்க குடும்பத்துப் பெருமையை..."

"அவ்வளவு தூரம் சுத்தினா எனக்கு வாய் அடைச்சிடும்." அவள் மடியில் கிடந்த பாயின் கிழிசலை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "அத்தை, உங்க புள்ளை தானாப் போகல, நான்தான் அனுப்பினேன். இப்படி ஆரம்பிக்கட்டுமா?"

அலையில் படகு ஏறி இறங்கியது.

"அப்படியே ஆரம்பி" என்றான்.

"நீ வருவியா உள்ள?"

"வருவேன். முன்னாடி நின்னுக்கறேன். அவங்க ஏதாவது சொல்றதா இருந்தா முதல்ல என்னைச் சொல்லட்டும்."

"முன்னாடி வேணாம்" என்றாள் அக்கா. "பக்கத்துல நில்லு."